ஹார்மோன் பரிசோதனை: ரத்தம் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று பத்துப் பதினைந்து பரிசோதனைகளை ஒரே கட்டணத்தில் எடுத்துத் தரும் விளம்பரங்கள் நீலகிரியிலும் கண்ணில் படுகின்றன. ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் வீடே கலங்கிவிடுகிறது. ‘நார்மல்’ வரம்பு என்பது நலமாக இருப்பவர்களில் 95 சதவீதம் பேரின் அளவைக் கொண்டு வகுத்தது. இருபது டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றிரண்டு வரம்பைத் தாண்டலாம். எனவே முதலில் மருத்துவர், பிறகுதான் லேப்.

தைராய்டு குறைவுக்குக் குளிர் தாங்காமை ஓர் அறிகுறி. ஊட்டியில் ஸ்வெட்டர் போடாதவர் யார்? ‘வீட்டில் மற்றவர்களுக்கு உறைக்காத குளிர் எனக்கு உறைக்கிறது, போன வருடம் இப்படி இல்லை’ என்று சொன்னால்தான் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும். மலச்சிக்கல், குரல் தடிப்பு, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். பெரும்பாலும் முதலில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) ஒன்றே போதும். அது 4-க்கும் 10-க்கும் இடையில் இருந்து, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருந்தால், பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் அப்படிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முடி கொட்டுகிறதென்று பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். 5, 10 மில்லிகிராம் அளவில் அது சில லேப் முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். தைராய்டு சுரப்பி சரியாக இருந்தும் அதிகமாகச் சுரப்பதுபோல ரிப்போர்ட் வரும். இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அடிக்கடி காண்பது இது: விடியற்காலை கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் மாத்திரையும் டீயும் ஒன்றாக இறங்கும். மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது, டி.எஸ்.எச். இறங்காது, மருந்தின் அளவு கூட்டப்படும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ, காபி, டிபன். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் முடியாதவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறு டெஸ்ட். அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு.

பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் டெஸ்டுக்கு மலைப்பாதையே பகை. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டி, கோவையில் இறங்கியதும் கையை நீட்டினால் அளவு கூடி வரலாம். வாந்திக்குப் போட்ட டோம்பெரிடோன் தன் பங்குக்கு இன்னும் ஏற்றும். அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் சொல்லி ரத்தம் கொடுங்கள். மனநல மருந்துகள் சிலவும் இதைக் கூட்டும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும். பெண்களுக்குச் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். மாதவிடாயின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள். 45 வயதைக் கடந்து, மாதவிடாய் நிற்கும் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் எஃப்.எஸ்.எச். தேவையே இல்லை.

மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்: ‘அளவு கூடினால் என்ன செய்வீர்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள்?’ இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் எதற்கு? போகும்போது மாத்திரை அட்டைகளையும், பழைய ரிப்போர்ட்டுகளையும், கடைசி மாதவிடாய்த் தேதியையும் கொண்டுபோங்கள்.

தைராய்டு அதிகச் சுரப்புக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. மலையில் சளி, தொண்டை வலி சகஜம்தானே என்று கசாயம் குடித்துப் படுத்துவிடாதீர்கள். அந்த மருந்து அபூர்வமாக வெள்ளை அணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.