கலாவுக்கு, திங்கட்கிழமைக்கு முன்னால்

அன்புள்ள கலா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்குத் திட்டு வாங்கத் தயார். ஆனால் திட்டை நேரில் வைத்துக்கொள். எழுத்தில் உன் கை கடுமையானது. சீடை வழக்கம்போல் பாதி உடைந்து வந்து, ஒன்று விடாமல் தீர்ந்தது. மாமாவுக்குச் சர்க்கரை குறையவில்லை என்பதற்காக அந்த டாக்டரை மாற்றாதே, நல்லவர். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து சமையலறைக்கு நிர்வாக ஆலோசனை வழங்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் போலக் கட்டணம் வாங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குசலம் முடிந்தது. இனி என் புலம்பலைக் கேள்.

வருகிற திங்கட்கிழமை இரண்டு காகிதங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று கோவையில் இருக்கும் ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிளைம் அலுவலகத்துக்கு எங்கள் ஆலோசனை நிறுவனம் தரும் அறிக்கை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அங்குள்ள ஊழியர்களை என்ன செய்வது என்பது விஷயம். முதல் பக்கத்திலேயே 'மனிதர்களுக்கே முதலிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். இன்னொன்று எங்கள் சொந்த நிறுவனத்துக்கு. கல்லூரியிலிருந்து புதியவர்களை அடுத்த வருடம் எடுக்க வேண்டாம், அவர்கள் செய்கிற வேலையைக் கருவியே செய்துவிடுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே கோப்பில், அடுத்தடுத்து. 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று நீ சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது.

கோவை விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அப்போதுதான் என் எரிச்சல் புரியும். அங்கே இருபது வருடத்துக்கு மேல் பில் பார்க்கிற ஓர் அம்மாள் இருக்கிறார். பில்லைக் கையில் எடுத்ததும் தொகையைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார். பாலிசியில் கே. முத்துலட்சுமி, ஆஸ்பத்திரி பில்லில் எஸ். முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலட்சுமி கருப்பையா என்று ஒரு கிளைம் வந்தது. கருவி மூன்று பேர் என்று எடுத்துக்கொண்டு, மோசடிச் சந்தேகம் என்று சிவப்புக் குறி போட்டு நிறுத்திவிட்டது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு. அப்பா இனிஷியலில் எடுத்த பாலிசி, புருஷன் இனிஷியலில் ஆஸ்பத்திரி அட்மிஷன், இதில் என்ன அதிசயம் என்கிறார். பிறந்த தேதியையும் நாமினி பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி எந்த இனிஷியலை எழுதும், எந்த ஆஸ்பத்திரியின் மருந்து பில் டிஸ்சார்ஜுக்கு மறுநாள் தேதியில் வரும் என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். அங்கே வேலை எப்படி நகர்கிறது என்று நாங்கள் வரைந்த எந்தப் படத்திலும் அந்த நோட்டு இல்லை.

அந்த நோட்டைக் கண்டுபிடித்தது எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண். கேள்வித்தாளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைக் கருவியிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லியிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். அவளோ அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்களோடு சாப்பிட்டு, வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேலிடத்தில் ஒருவர் இதை 'மணி நேரம் வீண்' என்று குறித்திருக்கிறார். திங்கட்கிழமைக் காகிதத்தை எழுதியவரும் அவர்தான்.

2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் ஆலோசகர்கள் 758 பேரை வைத்து, ஹார்வர்டு ஆய்வாளர்களும் மற்றவர்களும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கருவிக்குக் கைவந்த வேலைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தரமும் 40 சதவீதம் கூடியது. எங்கள் தொழிலில் எல்லோரும் இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதே ஆய்வில் கருவியின் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு வேலையும் கொடுத்தார்கள். அதில் கருவியை வைத்துக்கொண்டவர்கள் சரியான விடைக்கு வருவது, அது இல்லாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளி குறைந்தது. எல்லை எங்கே முடிகிறது என்று கருவி சொல்லாது, கலா. பில்லைக் கையில் தொட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் 2025இல் நடந்ததை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். அரசின் நலத்திட்டத்தில் வேலை தேடுகிறவர்களுக்குத் தானாகவே அபராதம் போடும் கணினி ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல டெலாய்ட் என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். கட்டணம் ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதிய அந்த அறிக்கையில், எங்குமே இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும், நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத மேற்கோளும் இருந்ததைச் சிட்னி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இதைக் கேட்டு எங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்குறிப்பை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது முதல் வருடத்துப் பிள்ளைகள் செய்கிற வேலை. நான் தொழில் கற்றதே அப்படித்தான். அந்தப் படியை எடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து என் நாற்காலியில் உட்காருகிறவர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்?

உங்கள் பேங்க் காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பேரேட்டில் கணக்குப் பதியும் ஏஎல்பிஎம் இயந்திரம் வரப்போகிறது என்று நீ சங்க வாசலில் நின்று கத்தியதும், நம் 'நெட்டை' உன்னை மைக் இல்லாத ஒலிபெருக்கி என்றதும்! உங்கள் சங்கம் காலத்தை இழுத்தடித்தது என்று இன்றும் சொல்வேன், சண்டைக்கு வா. ஆனால் வரிசை சரியாக இருந்தது. 1983 ஒப்பந்தமும் 1993 ஒப்பந்தமும் போட்ட பிறகுதான் கணினிப் பெட்டிகள் பரவலாக வந்தன. யார் உட்காருவது, என்ன அலவன்ஸ், யாரையும் வெளியே அனுப்பக்கூடாது என்பதெல்லாம் முதலில் பேசப்பட்டன. பிறகு 2000-01இல் விருப்ப ஓய்வில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள், அதையும் மறக்கவில்லை. ஆனாலும் உங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இன்று எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதை எப்படிக் கனிவாகச் சொல்வது என்பதற்கு எங்களைக் கூப்பிடுகிறார்கள். கனிவாகச் சொல்லப் பயிற்சி வகுப்பு வேறு நடக்கிறது!

வீட்டுச் சாமான் விற்கும் இக்கியா நிறுவனத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 'பில்லி' என்ற அவர்களுடைய உரையாடல் கருவி, வந்த கேள்விகளில் 47 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டது. தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்த 8,500 பேரை 2021 முதல் வீட்டு உள்அலங்கார ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்து மாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்களுக்கு விற்க சோபா இருந்தது. கோவை கிளைம் அலுவலகத்தில் என்ன விற்பது? பயிற்சி என்ற சொல்லைப் போட்டு அந்தக் கேள்வியை மூடிவிட முடியாது என்று எங்கள் கூட்டத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்றால், அறிக்கையிலிருந்து ஆள் எண்ணிக்கைப் பக்கத்தை எடுத்துவிடப்போகிறேன். கருவி நிறுத்திவைக்கும் ஒவ்வொரு கிளைமையும் அந்த அம்மாளும் அவருடைய சகாக்களும் மூன்று மாதம் பார்க்கட்டும். எதில் அது தடுக்கி விழுகிறது என்பதை அவர்களே எழுதட்டும், அதற்குத் தனிச் சம்பளமும் கொடுக்கட்டும். எண்ணிக்கையைப் பற்றி அதன் பிறகு, அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு பேசலாம். எல்லோருக்கும் வேலை மிஞ்சும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, அந்தப் பொய்யும் சொல்ல மாட்டேன். இரண்டாவது காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. குறைவாக எடுங்கள், ஆனால் எடுங்கள், முதல் ஆறு மாதம் ஸ்லைடு போடவிடாமல் வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே விடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலிடத்துக்குப் பிடிக்காது. இந்த வயதில் என்னை என்ன செய்துவிடுவார்கள், வீட்டுக்கு அனுப்பினால் இவருடைய ஆலோசனையைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதுதான் பயம்.

ஒரு உதவி. உன்னிடம் அந்தப் பழைய ஒப்பந்தப் புத்தகம் இருக்குமே, மஞ்சள் அட்டை போட்டது. இயந்திரத்தில் யாரை உட்கார வைப்பது என்ற விதி இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. விளிம்பில் நீ எழுதி வைத்த வசவுகளோடு அனுப்பினாலும் பரவாயில்லை, கூட்டத்தில் காட்டும்போது அவற்றை மறைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் வசந்தி