நாலாவது வருஷம் பற்றி

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில் நீ கேட்டபோது, "உன் இஷ்டம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தப்பித்துக்கொள்ள அப்பாமார் சொல்கிற வார்த்தை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்தோடு அரசியல் அறிவியல் பட்டம் வாங்கி வருவதா, நாலாவது வருஷமும் டெல்லியிலேயே இருந்து ஆய்வுக்கட்டுரை எழுதுவதா? கணக்கு வாத்தியார் என்பதால் முதலில் கணக்கைப் போட்டேன். மூன்றில் முடித்தால் எம்.ஏ. இரண்டு வருஷம். நாலு முடித்தால் அங்கே எம்.ஏ. ஒரே வருஷம். இரண்டுமே ஐந்துதான். நாலாவது வருஷத்தை எழுபத்தைந்து சதவீதத்தோடு முடித்தால் எம்.ஏ. இல்லாமலே ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வு எழுதலாம் என்பது கூடுதல் லாபம். பணத்தை நினைத்துத் தயங்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை வழக்கம்போல, "ஐ.ஏ.எஸ்.ஸுக்குத்தானே படிக்கிறா?" என்று கேட்டாள். அந்தத் தேர்வில் உன் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் அதற்கு 500 மதிப்பெண் என்று நானும் தலையாட்டி வைத்தேன். அதற்காக மட்டும் நாலாவது வருஷம் இருக்க வேண்டாம். உன்னிடம் ஒரு கேள்வி இருந்தால் இரு. இல்லையென்றால் கிளம்பி வா.

என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. 2019 ஏப்ரல் 18, குடியாத்தம் பக்கம் ஒரு பூத்தில் எனக்குத் தேர்தல் டியூட்டி. பயிற்சி வகுப்பில் எம்.பி.க்கு ஒரு மெஷின், எம்.எல்.ஏ. இடைத்தேர்தலுக்கு ஒரு மெஷின் என்று இரண்டையும் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 16ஆம் தேதி வேலூர் எம்.பி. தேர்தலே ரத்து. ஏராளமாகப் பணம் பிடிபட்டதால், தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். பண விவகாரத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் நின்றது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆனால் அதே தொகுதிக்குள் இருக்கிற குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இடைத்தேர்தல் குறித்த நாளில் நடந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தார். இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தாயிற்று. இளஞ்சிவப்புத் தாள் ஒட்டிய மெஷினில் போட்டுவிட்டு, "இன்னொரு பொட்டி எங்க சார்?" என்றார். ரத்தாகிவிட்டது, பணம் கொடுத்தார்களாம் என்றேன். "அதுக்கு ஆகாத ஓட்டு இதுக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டார். வரிசை நீளமாக இருந்தது. நகருங்கம்மா என்றுதான் சொன்னேன்.

இரண்டும் வெவ்வேறு தேர்தல், வெவ்வேறு அறிவிக்கை என்பது எனக்குத் தெரியும். பாட்டி கேட்டது அதை இல்லை. எம்.பி. தேர்தல் பிறகு ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது. 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு. வாக்குப்பதிவு அன்று ஊருக்கு ஊர் டிவியில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை, அதாவது 370ஆம் பிரிவை, நீக்கிய செய்திதான். வேலூரை யாரும் பேசவில்லை.

அரசும் மக்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் பற்றி எழுதிய ஹாப்ஸ், லாக், ரூசோ எல்லாம் எங்கேயோ நடந்த சண்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னாயே, அந்தப் பாட்டியின் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோய்ப் பார். ரத்தானதும் வாக்காளர் என்ன நினைத்தார், மறுபடி வரிசையில் நிற்கும்போது என்ன நினைத்தார் என்று நம் தெருக்களில் கேட்டு எழுதினால், நாலாவது வருஷம் வீண் போகாது.

ஒரு விஷயம். "பணம் வாங்கினீங்களா?" என்று நோட்டும் கையுமாகப் போய் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "பக்கத்துத் தெருவுல எப்படி?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வீடு வீடாக ஏறி இறங்கியதில் கற்றது இது. அப்புறம், கைடாக யார் வருவார் என்று முதலில் விசாரி. உள்ளூர் அரசியலில் அக்கறை இல்லாதவர் கிடைத்தால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார். அப்படியானால் மூன்றோடு வந்துவிடு. இங்கே எம்.ஏ. சேர்ந்துகொண்டும் இதையே செய்யலாம்.

லீவில் வா. வெயில்தான் கொளுத்தும், பரவாயில்லை. வண்டியில் பள்ளிகொண்டா வழியாக அந்தப் பூத் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன். நீ வரும்வரை இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க் குழம்பு வைப்பதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். நடுவில் தண்டனை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய். இந்தத் தடவை "உன் இஷ்டம்" என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா
சத்துவாச்சாரி