மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் பசியே இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பசி இருக்கும், அந்த ஜெர்மனி ஊர் ஸ்டுட்கார்ட் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? ரசத்தில் மிதக்கும் தக்காளித் தோலைக்கூட எடுத்து ஓரமாக வைக்கிற பிள்ளை நீ. அது உன் சுபாவம், அதற்காக யாரும் உன்னைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரெட், ஜாம், நூடுல்ஸ் என்று அறைக்குள்ளேயே ஒரு குளிர்காலத்தை ஓட்ட உடம்பு தாங்காது சாமி.

நான் அங்கே மெஷின் பயிற்சிக்கு வந்திருந்தபோது என்னைக் காப்பாற்றியது ‘லின்ஸன் மிட் ஷ்பெட்ஸ்லே’. அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் நம் அரிசியும் பருப்பும். பழுப்பு நிறப் பயறை வேகவைத்து, வெண்ணெயில் மாவு வறுத்துச் சேர்த்துக் கெட்டியாக்கி, கடைசியில் வினிகர் விடுவார்கள். பக்கத்தில் முட்டை சேர்த்த மாவில் பிழிந்த ஷ்பெட்ஸ்லே, குட்டையும் நெட்டையுமாக, வழவழவென்று இருக்கும். முதல் வாய்க்கு வினிகர் மூக்கில் ஏறும். புளிக்குழம்பு பிடித்த உனக்கு அடுத்த வாயிலேயே பழகிவிடும் என்று நம்புகிறேன். மேலே வைக்கிற சாசேஜை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. ஷ்பெக் என்கிற பன்றிக்கறித் துண்டு பயறோடு சேர்ந்தே வெந்திருக்கலாம். ‘ஓனே ஷ்பெக்?’, அதாவது ஷ்பெக் இல்லாமலா, என்று தனியாகக் கேட்டு வாங்கு.

அந்தப் பக்கத்து மலைக்காட்டில் விளைந்த நாட்டுப் பயறு கட்டுப்படியாகாமல் பல வருஷங்களுக்கு முன்பே வயலை விட்டுப் போய்விட்டது. 2006இல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வவிலோவ் நிறுவனத்து விதைச் சேமிப்பில் அதே விதை கிடைத்தது. வாங்கி வந்து பெருக்கி மறுபடி விதைத்தார்கள். ஆல்ப்-லைஸா என்று இப்போது கடையிலேயே விற்கிறது. ஒரு பயறுக்காக இத்தனை தூரம் போன ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிடு கண்ணு, உனக்கு ஒட்டும்.

இன்னொன்று. அங்கே பழைய வழக்கப்படி மதியம்தான் சூடான சாப்பாடு, ராத்திரிக்கு பிரெட்டும் சீஸும். நீயோ மதியத்தை விட்டுவிட்டு, ராத்திரி களைத்து வந்து அடுப்பைப் பார்த்து மலைக்கிறாய். மதியம் மென்ஸாவில், அதுதான் உங்கள் பல்கலைக்கழக கேன்டீனில், சூடாக ஏதாவது ஒன்று உள்ளே போகட்டும். சீஸ் வாடை ஒத்துவந்தால், வறுத்த வெங்காயம் தூவிய கேஸேஷ்பெட்ஸ்லேயும் ஒரு நாள் எடுத்துப் பார்.

ராத்திரிக்குத் தயிர்சாதம் போதும். பாயசம் மாதிரி செய்ய மில்ஷ்ரைஸ் என்று ஒரு குண்டு அரிசி விற்பார்கள், நன்றாகக் குழையும். அதில் நாட்டூர்யோகுர்ட் என்கிற வெறும் தயிரை விட்டுப் பிசைந்துகொள். க்வார்க் வாங்கிவிடாதே, அது தயிர் மாதிரி இருக்கும், தயிர் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு.

அம்மா பருப்புப் பொடி பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். நெய்யும் வைக்கிறேன் என்றாள், பால் பண்டம் தபாலில் அனுப்ப அங்கே தடை என்று நான்தான் நிறுத்தினேன். வெண்ணெய் அலமாரியில் பட்டர்ஷ்மால்ட்ஸ் இருக்கிறதா பார், அது உருக்கிய நெய்தான். பொடிக்கு அதை ஊற்றிக்கொள்.

அன்புடன்,
அப்பா