குளக்கரை மடத்தைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மாங்குளம் – முல்லைத்தீவு வீதிக்கு அணித்தாக, குளக்கட்டின் கீழே அமைந்த எமது சிறுபட்டினத்தின் பழைய மடம், சுவர் பூசி ஓடு போட்டுத் திருத்தப்பட்டு, இவ்வருட வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் நடந்து போன அடியார்களுக்கு மீண்டும் தன் திண்ணையைக் கொடுத்தது. பணியைத் தொடங்கியவர்கள் ஊரவர் சிலரேயாயினும் முடித்துத் தந்தவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலானோர் தம் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. ஆதலால், பெயர் குறியாது, அவரவர் செய்ததைச் சொல்லி நன்றி கூறுகின்றோம்.

வன்னியில் எமது முன்னோர் வாழ்ந்த வீடுகள் மண்சுவரும் வைக்கோற் கூரையுமாய் இருந்தமையால், அவை அவர்களோடேயே மண்ணாகிப் போயின. செங்கல்லும் சுண்ணாம்பும் கோயிலுக்கும் மடத்துக்கும் அரச கந்தோருக்கும் குளத்து மதகாகிய துருசுக்குமே வாய்த்தன. அவற்றுள்ளும் நிலைத்தவை கொஞ்சம். 1803 ஆம் ஆண்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து தாக்கிக் கைப்பற்றிய, ஒல்லாந்தர் கட்டிய முல்லைத்தீவுக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது சொற்பமே. அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் அவர் தோல்வியுற்றதைக் குறித்துக் கச்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல் ஒன்றே அந்தப் போரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கண்ணாற் காட்டக்கூடிய சான்றாக நெடுங்காலம் இருந்தது. 2009 இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர் நாங்கள் மீளக் குடியமர்ந்தபோது, எமது பட்டினத்தில் நிமிர்ந்து நின்றவை பழைய துருசின் கற்கட்டும், கூட்டுறவுச் சங்கக்கடையின் முகப்பும், கூரையிழந்த இந்த மடமும் மாத்திரமே.

மடத்தை இடித்துவிட்டு அவ்விடத்தில் சீமெந்துக் கல்லால் பொது மண்டபம் ஒன்றைக் கட்டித் தரலாம் என நிதியோடு முன்வந்தவர்களும் இருந்தனர். தங்க வீடின்றித் தறப்பாள் கொட்டிலில் இருந்த மக்களுக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றியது. அப்படித் தோன்றியதில் தவறுமில்லை. அன்றைய கூட்டத்தில் எழுந்து, மண்டபத்துக்கு வேறு காணி தேடலாம், மடத்துக்கு வேறு மடம் தேட முடியாது எனப் பொறுமையாக எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மையாருக்கு எமது முதல் நன்றி. அதைக் கேட்டதோடு நில்லாமல், மண்டபத்துக்கெனத் தம் வளவில் ஒரு பகுதியை எழுதிக் கொடுத்த கமக்காரக் குடும்பத்தினருக்கும் அதே நன்றி உரியது. அந்தக் காணி கிடையாதிருந்தால் ஆசிரியையின் சொல் சபையில் ஏறியிராது.

திருத்த வேலையின் உயிர் சுண்ணாம்பிலேயே இருந்தது. முன்னொரு காலத்தில் எவரோ அடிச்சுவரில் பூசியிருந்த சீமெந்தைக் கொத்தி எடுத்தபோது, உள்ளிருந்த செங்கல் விரலால் தேய்த்தவுடனேயே செந்தூளாக உதிர்ந்தது. குளத்துக் கசிவு அத்திவாரத்தினூடாகச் சுவரில் ஏறுவதைத் தடுக்க இயலாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே உலரவிடும், சீமெந்தோ அதை உள்ளே அடைத்துவிட, நீரோடு வந்த உப்பு கல்லுக்குள்ளேயே பொரிந்து கல்லைத் தின்றுவிடும். இதை எமக்கு விளங்கப்படுத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதிய மேசன் ஐயா அவர்கள். சுட்ட சுண்ணாம்பைக் குழியிலிட்டு நீற்றி, மேலே எப்போதும் நீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவைத்து, அரித்த ஆற்று மணலோடு கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டி கரைத்த நீரும் சேர்த்துக் குழைக்கச் செய்தார். குழைத்த சாந்தைச் சாந்தகப்பையில் அள்ளித் தலைகீழாகப் பிடிப்பார். சாந்து சற்று ஒட்டி நின்று, பிறகு தகடு தெரிய வழுகி விழுந்தாற்றான் சுவருக்குப் போகலாம், இல்லையேல் மறுபடியும் குழைக்க வேண்டும். பூசிய சுவர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கியே மெல்ல மெல்ல இறுகும் என்பதால், வெயில் நேரங்களில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காத்தவர்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள். அந்த மாணவருள் இருவர் இன்று தாமாகவே சாந்து கூட்டுவர். ஐயா கூலி வாங்கினார். இந்த வித்தைக்கு விலை வாங்கவில்லை.

கூரைக்குப் பாலையும் முதிரையும் தேவைப்பட்டன. காடு சூழ்ந்த ஊரானாலும் மரத்தை வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி வேண்டுமல்லவா? அதற்கான கடிதங்களை அலைய விடாமல் முடித்துத் தந்த கிராம அலுவலருக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும், பழைய கைமரங்களில் உளுக்காத பகுதியை வீணாக்காது புதிய மரத்தோடு இணைத்த எமதூர் ஓடாவியாருக்கும், தம் பாட்டன் காலத்துப் பீலி ஓடுகளை வண்டிலில் ஏற்றி அனுப்பிய மூன்று வீட்டாருக்கும் நன்றி. மடத்தை அளந்து படம் வரைந்த கட்டடக்கலை மாணவி, துருசையும் சங்கக்கடை முகப்பையும் கேட்காமலே அளந்து வரைந்து தந்தார். அவற்றுக்கு என்றாவது ஆபத்து வந்தாலும் அளவு எங்கள் கையில் இருக்கும்.

உட்சுவரில் விளக்கு மாடம் எங்கே இருந்தது என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. சிறுபிள்ளையாகத் தாயாரோடு பொங்கலுக்குப் போகும் வழியில் அங்கு படுத்துறங்கிய ஆச்சி ஒருவர், கோலூன்றி வந்து, வாசலுக்கு நேரே நின்று, இடது பக்கம் கை காட்டினார். பழைய பூச்சை அகற்றியபோது கல் வைத்து அடைத்த மாடம் அங்கேயே இருந்தது. ஆச்சிக்கு எமது பணிவான வணக்கம்.

மேற்குச் சுவரில் ஷெல் சன்னம் பாய்ந்த தடங்களை ஒரு முழ அகலத்துக்குப் பூசாமல் விடும்படி இளைஞர்கள் கேட்டனர். அவ்வாறே விட்டுள்ளோம், அதற்கு ஒப்பிய பெரியோர்க்கும் நன்றி. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்பிய எம் உறவுகளும், வேலைநாளெல்லாம் உலை வைத்த மாதர் சங்கத்தினரும், வயல் வேலைக்கு நடுவிலும் மணல் ஏற்ற உழவு இயந்திரம் தந்தவர்களும் எம் நெஞ்சில் நிற்கின்றனர்.

செலவுக் கணக்கு பிள்ளையார் கோயில் வெளிமண்டபத்தில் ஒட்டப்பட்டுள்ளது. எஞ்சிய தொகை துருசின் கற்கட்டில் வேரோடிய ஆலங்கன்றை அகற்றுவதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடம்பெயர்வின்போதும் கைவிடாமல் மடத்தின் பழைய புகைப்படத்தை எவரேனும் வைத்திருப்பின், அதன் பிரதியொன்றை எமக்குத் தந்துதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
மடத் திருத்தப் பணியில் ஈடுபட்ட ஊரவர்