அப்பாவிடம் சொல், நோட்டீஸ் வேண்டாம்

லெஸ்டர்,
இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் கடிதம் போன வாரமே வந்தது. நீ கோபமாக இருப்பது, கடைசியில் உன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லாததிலேயே தெரிந்துவிட்டது. நான் எழுதாததற்குக் காரணம் வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

இங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அறையில் ஹீட்டர் இருக்கிறது; எனக்குத்தான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பழகிவிட்டது. பொங்கலைக் குக்கரில் வைத்தேன். பொங்கவில்லை, விசில்தான் அடித்தது. மூன்று நாள் அதையே சாப்பிட்டேன்.

சொலிசிட்டர் ஆபீஸில் எனக்கு என்ன வேலை என்று மாமா கேட்டாராம். கோர்ட்டில் பேசுகிறவர் பெரும்பாலும் வேறு ஆள். நாங்கள் காகிதம் பார்க்கிறவர்கள். எல்லாம் வீட்டுத் தகராறு. குடியிருந்தவரின் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர், மேல்மாடியிலிருந்து ஒழுகும் தண்ணீர், இப்படி. (சாதாரண வீட்டுக்கு இங்கே ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்கிறார்களே!) ஆனால் என் மேசைக்கு வருவது முக்கால்வாசி வேலிச் சண்டைதான்.

எண்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் புது வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டாராம். நிலப்பதிவு அலுவலகப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒன்றேகால் மீட்டர். அவருடைய ஒரு சாண், படத்தில் எல்லை காட்டும் சிவப்புக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். படம் காட்டுவது உத்தேசமான எல்லைதான் என்று சட்டமே சொல்கிறது. அதனால் பிஸ்கட் டப்பா நிறையப் பழைய போட்டோக்களைக் கொண்டுவருகிறார். ரோஜாச் செடி எங்கே நிற்கிறது என்று நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கட்டிய ஃபீஸுக்கு நம் ஊரில் மனையே வாங்கியிருக்கலாம். ஒரு போட்டோவில் வேலியே இல்லை. ஒரு தொட்டித் தண்ணீரில் நாலு பிள்ளைகள். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் கொல்லையில் நானும் பெரியப்பா மகன் முரளியும் வாளியோடு விழுந்த ஞாபகம்.

அப்பா என்னடாவென்றால் நம் கொல்லை எல்லைத் தகராறுக்காகப் பெரியப்பாவுக்கு வக்கீல் நோட்டீஸ் எழுதி அனுப்பச் சொல்கிறார். லண்டன் வக்கீல் என்றால் பயப்படுவார்களாம். நான் இருப்பது லெஸ்டர், அதுவும் இன்னும் உதவியாளன்தான். என் கையெழுத்துக்கு மன்னார்குடியில் ஒரு மதிப்பும் இல்லை என்று சொல். முதலில் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து சர்வேயரை அளக்கச் சொல்லட்டும். சர்வே கல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் நோட்டீஸ் எதற்கு? அளக்கிற அன்று பெரியப்பாவும் கூட நிற்க வேண்டும். பெரியம்மாவிடம் நீயே போய்ச் சொல், அப்பாவை அனுப்பாதே. பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறதா? பாகப் பத்திரத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வை.

கலா வளைகாப்புக்குப் பணம் இந்த மாதம் இல்லை, பிப்ரவரியில் கட்டாயம் அனுப்புகிறேன். முருங்கை மரம் யார் பக்கம் வந்தாலும் சரி, அளந்து முடிகிறவரை அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

உன்,
சேகர்