லூட்சன் களத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஐரோப்பாவில் புரோட்டஸ்டன்டுகளும் கத்தோலிக்கர்களும் மோதிய முப்பதாண்டுப் போரின் நடுவே, 1632ஆம் ஆண்டு ஜெர்மனியின் லூட்சன் ஊருக்கு வெளியே நடந்த பெரும்போரைப் பற்றி நான் எழுதிவந்த கட்டுரைத் தொடர் நிறைவடைந்துவிட்டது. உங்களுக்கு முறையாக நன்றி கூறாமல் அதை முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

முதலில் தேதியைத் திருத்திய ஆசிரியருக்கு. போர் நடந்தது நவம்பர் 6 என்று சில நூல்களும் 16 என்று சில நூல்களும் சொல்ல, இரண்டில் ஒன்று பிழை என்றே நினைத்திருந்தேன். புரோட்டஸ்டன்டுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியையும் கத்தோலிக்கர்கள் புதிய நாட்காட்டியையும் பின்பற்றியதால் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள் அமைந்தன என்று நீங்கள் விளக்கிய பிறகுதான் அந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பது எனக்கு உறைத்தது.

லைப்சிக் செல்லும் சாலையோரமாக என்னை நடத்திக் கூட்டிச்சென்ற பெரியவருக்கு என் வணக்கம். கத்தோலிக்கப் பேரரசரின் படைத்தலைவரான வாலன்ஸ்டைனின் துப்பாக்கி வீரர்கள் சாலையோரப் பள்ளங்களை ஆழப்படுத்திப் பதுங்கியிருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அன்று காலை எங்களைச் சுற்றிலும் பனிமூட்டம். சற்று முன்னே நடந்த உங்கள் தொப்பிகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. குதிரைப்படையோடு விரைந்த, புரோட்டஸ்டன்டுப் படையின் தலைவரான சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் இப்படியொரு மூட்டத்தில் தன் ஆட்களைப் பிரிந்து எதிரிகளிடையே சிக்கி மாண்டதை, எத்தனை பக்கம் படித்திருந்தாலும் அந்த நிமிடம்தான் புரிந்துகொண்டேன்.

தன் குதிரைப்படைத் தளபதி பாப்பன்ஹைமை உடனே திரும்பிவரச் சொல்லி வாலன்ஸ்டைன் அவசரமாக எழுதிய கடிதத்தைப் பழைய ஜெர்மன் நடையிலிருந்து வரிவரியாக விளக்கிய தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன். பாப்பன்ஹைம் வந்தார், வந்த சிறிது நேரத்திலேயே குண்டடிபட்டார். அவருடைய இரத்தக் கறை படிந்த அக்கடிதம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது.

மன்னரின் தோல் மேலங்கியையும் வெற்றிப்பொருளாக வியன்னாவுக்கே கொண்டுசென்றார்கள். முதல் உலகப் போருக்குப் பின் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் செய்த உதவிக்கு நன்றியாக 1920இல் ஆஸ்திரியா அதைச் சுவீடனுக்கே திருப்பிக் கொடுத்தது. குண்டு துளைத்த அந்த அங்கி இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. இந்தச் செய்தியை எனக்கு முதலில் எழுதியனுப்பிய நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி. தொடரிலேயே நான் மிகவும் மகிழ்ந்து எழுதிய பகுதி அதுதான்.

அகழாய்வுப் பணியில் இருந்த அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 2011இல் அக்களத்தில் கண்டெடுத்த ஒரே குழியில் 47 பேர் கிடந்தார்கள். புதைப்பதற்கு முன்பே உடைகளைக்கூட உருவிவிட்டிருந்ததால் யார் எந்தப் படை என்று உடனே சொல்ல வழியில்லை. படங்களை மேசையில் பரப்பி, ஒரு மண்டையோட்டில் ஈயக்குண்டு பாய்ந்த துளையை விரலால் தொட்டுக் காட்டியவர், சற்றுப் பொறுத்து, அடுத்திருந்த எலும்புக்கூடு பதின்ம வயதுப் பையனுடையது என்றார். மன்னரில் தொடங்கி மன்னரிலேயே முடிவதாக இருந்த என் தொடரை அன்றிரவே மாற்றி எழுதினேன். கடைசிப் பகுதி முழுவதும் அந்த 47 பேருக்கானது.

தொடர் நூலாகும்போது, அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப்படி உங்கள் அனைவருக்கும் வந்துசேரும். தவறு தென்பட்டால் தயங்காமல் திருத்துங்கள்.

நன்றியுடன்,
தொடரை எழுதியவன்