காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு: தேர்வு, கபடி, அப்புறம் அந்தச் சோப்பு டப்பா

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகும் தாத்தாமார், ஆச்சிமாருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் முயற்சி எடுத்துப் படித்திருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி இறுதி ஆட்டம் வரை போனது. கலைத்திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழுவுக்குப் பரிசு கிடைத்தது. சுற்றுச்சுவர் ஓரம் நட்ட வேப்பங்கன்றுகளில் ஆடு தின்றதுபோக மிச்சம் நன்றாக வருகின்றன. புதுத் தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். இதையெல்லாம் விரிவாக எழுதவேண்டும்தான்; ஆண்டு விழாவில் பேசிக்கொள்வோம்.

இப்போது சோப்பு டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் கைக்கு அடக்கமாக ஒரு முதலுதவி டப்பா இருக்கட்டும். கடையில் வாங்கவேண்டாம், வீட்டில் பிள்ளையும் நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். ஒரு அப்பா மட்டும் எழுந்து, “பள்ளிக்கூடத்துலதான் பெட்டி இருக்கே சார், பொறவு பிள்ளைக்கு எதுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெட்டி என் அறையில் பீரோ பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடிபடுவது என் அறையில் இல்லை. வாய்க்கால் கரையில் சைக்கிள் சறுக்குகிறது. படித்துறைப் பாசி வழுக்குகிறது. பனங்கருக்கு கையைக் கிழிக்கிறது. கோயில் கொடையன்று ராத்திரி இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஓடி ஆணியை மிதிக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பேர் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 108-க்குப் போன் போட்டாலும் வண்டி வர ரோடு வேண்டுமே. அன்றைக்கு எங்கள் வீட்டு மாடியில் நான்கு குடும்பம் இருந்தோம். ஒரு பையன் காலை உடைந்த ஓடு கிழித்துவிட்டது. நாலு வீட்டிலும் சேர்த்துச் சுத்தமான கட்டுத்துணி ஒன்று கிடையாது. வருஷா வருஷம் முதலுதவி பற்றிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுகிற தலைமையாசிரியர் வீடும் அதில் ஒன்று. துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியைக் கிழித்துத்தான் கட்டினேன். ‘எங்கே போனாலும் கையோடு’ என்று நான் வற்புறுத்துவது அந்த வெட்கத்தில்தான்.

சரி, டப்பாக்கள் வந்தனவா? வந்தன. எப்படி வந்தன என்பதுதான் பிரச்சினை.

ஆகஸ்டு கடைசியில் விளையாட்டு வேளையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலில் உடைமுள் ஏறிவிட்டது. நம் மைதானத்து முள்ளை உங்களுக்குத் தெரியும், செருப்பையே துளைக்கும். மூன்று பேர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முதல் டப்பாவைத் திறந்தால் பதினேழு கோலிக்குண்டு, ஒரு அழிரப்பர். இரண்டாவது, கடையில் வாங்கிய சிவப்பு ஜிப் பை. உள்ளே எல்லாம் இருந்தது, ஒவ்வொன்றும் வாங்கியபடியே பிளாஸ்டிக் உறைக்குள். எது எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. கடித்துக் கடித்துப் பிரிக்கப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பழைய சோப்பு டப்பா. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் இரண்டு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார வைத்தாள், தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் தன் கையைக் கழுவினாள், அவன் பாதத்தைக் கழுவினாள், முள்வாங்கியால் முள்ளை அது போன வழியிலேயே நேராக இழுத்தாள், மறுபடி சோப்பு போட்டுக் கழுவி, காஸ் துணி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். நானும் உடற்கல்வி ஆசிரியரும் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம், அது வேறு. (10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய ரணஜன்னித் தடுப்பு டி.டி. ஊசி உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று இந்த லீவில் அட்டையை எடுத்துப் பாருங்கள்.)

அந்த டப்பாவை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு விரல் அளவுக்கு நறுக்கிய சோப்புத் துண்டு, காகிதத்தில் சுற்றி. உறை பிரிக்காத காஸ் துணி மூன்று. இரண்டு அங்குலக் கட்டுத்துணிச் சுருள் ஒன்று. பேண்ட் எய்டு ஆறு. தீர்ந்துபோன பேனாவின் குழாயில் பிளாஸ்திரியைச் சுற்றி வைத்திருந்தாள். முழு ரோல் டப்பாவில் அடங்காதல்லவா. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். இலை நறுக்கும் கத்தரியைக் கழுவித் துடைத்து, பிளாஸ்திரி முனையை ஒரு மடிப்பு மடித்துக் கொடுத்திருக்கிறார், நகத்தால் தேடாமல் சட்டென்று பிரிய. நாலு ஊக்கு. 200 மில்லி தண்ணீருக்கான உப்புச் சர்க்கரைப் பொடி ஒரு பாக்கெட். கிழியாத பாலித்தீன் பை ஒன்று. அடுத்தவர் ரத்தத்தைத் தொடவேண்டி வந்தால் கையில் மாட்டிக்கொள்ள. மூடியின் உள்பக்கம் ஒட்டிய சீட்டில் பெயர், ரத்த வகை, அப்பா நம்பர், சித்தி நம்பர், 108. அவ்வளவுதான். நூறு ரூபாயைச் சுற்றித்தான் ஆகியிருக்கும். முள்வாங்கி அவள் ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து வந்தது.

யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. அந்தக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர் மடியில் முள்வாங்கி இல்லாமல் போனதில்லை. நாம்தான் செல்போன் சார்ஜரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

சோப்பு எதற்கு என்று பலர் கேட்டீர்கள். டப்பாவிலேயே விலை குறைந்தது அதுதான், நான் முதலில் வைக்கச் சொல்வதும் அதுதான். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போகவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ‘தெருவில் வளர்கிற நாய்தானே, பழகின நாய்தானே’ என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

டப்பாவை வண்டி சீட்டுக்கு அடியில் வைக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் வெயிலில் பேண்ட் எய்டின் பசை உருகி உறையோடு ஒட்டிவிடுகிறது; தேவைப்படும்போது தோலில் ஒட்டாது. களிம்பு டியூப் வைத்தால் டியூபாகவே வையுங்கள். பிதுக்கி வேறு சின்னச் சிமிழில் அடைத்தால் பெயரும் தேதியும் போய்விடும். பஞ்சு வேண்டாம், புண்ணில் நார் ஒட்டும்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ஒரு பையன் வயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். பக்கத்தில் இருந்தவன் நல்ல மனசோடு தன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறான். முக்கால் மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பெஞ்சில் சாய்ந்துவிட்டான். டப்பாவைப் பார்த்தால் கத்தரித்த அட்டைத் துண்டில் நாலு மாத்திரை, பெயர் அச்சடித்த பக்கம் இல்லை. வீட்டில் விசாரித்தபின்தான் தெரிந்தது, அது தாத்தாவின் சர்க்கரை வியாதி மாத்திரை. தலைவலி மாத்திரை என்று நினைத்துக் கை மாறி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் காலை வரை வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான். அந்த ராத்திரி இரண்டு வீட்டுக்காரர்களோடு நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. இருவருமே நல்ல மனிதர்கள்.

மறுநாள் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தோம். முப்பத்தோரு டப்பாவில் மாத்திரை இருந்தது. காய்ச்சல் மாத்திரை, வாயு மாத்திரை, பாதி தின்று மீந்த ஆன்டிபயாட்டிக். ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: மாணவர் கையிலுள்ள டப்பாவில் மாத்திரை ஒன்றுகூட இருக்கக்கூடாது. எந்த மாத்திரையும். ‘சும்மா பாராசிட்டமால்தானே சார்’ என்று சொல்லவேண்டாம். அதுவும் பிள்ளையின் எடையைப் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து. பெரியவர்களுக்கான ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மீறி வந்தால் எடுத்து வைத்துக்கொண்டு உங்களை நேரில் வரச்சொல்வேன். அதில் ஊர்ப் பெரியவர் வீடு, வாத்தியார் வீடு என்ற வித்தியாசம் இருக்காது. வலிப்பு, இருதயக் கோளாறு போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிய மருந்து என்றால், சீட்டின் நகலோடு வகுப்பாசிரியரிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்கட்டும். எங்களுக்கு ஒரு வரி எழுதித் தாருங்கள்.

இதற்கு நானும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஜூன் கூட்டத்தில் என்ன வைக்கவேண்டும் என்று சொன்னேன், என்ன வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. தீக்காயம். போன வாரம் ஒரு ஆச்சி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். “எங்க காலத்துல காப்பிப்பொடி அப்பித்தான் ஆறிச்சு. இப்பம் என்ன, நீரு வெறும் தண்ணிய ஊத்தச் சொல்லுதீரு?” ஆமாம் ஆச்சி, வெறும் தண்ணீர்தான். குழாயடியில் இருபது நிமிஷம். காப்பிப்பொடி, இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். அப்பினதையெல்லாம் டாக்டர் திரும்பச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டாம் தடவை வலிக்கும். வளையல், கயிறு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். தீபாவளி வருகிறது, அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

பாம்புக்கு அந்த டப்பாவில் ஒன்றும் கிடையாது, தேடாதீர்கள். பிளேடு, கயிறு, வாய் எதையும் கடித்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்கவிடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

லீவில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டிருக்கும் வீடுகள் நம்மில் நிறைய. காளி வேஷம் கட்டி, கிரீடம் வைத்து, வெயிலில் நின்று சோர்ந்துபோகிற பிள்ளைக்கு அந்த உப்புச் சர்க்கரைப் பாக்கெட் உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பழச்சுவைப் பானம் வேறு. பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீரை அளந்து ஊற்றவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு போகிறவர்களும் டப்பாவைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பாறை வழுக்குவது தண்ணீருக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ராத்திரி ஆட்டோவுக்குக் காசு வாங்காத அப்பாவுக்கும், இளம் செஞ்சிலுவைச் சங்கப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கட்டுப்போடச் சொல்லித்தருகிற செவிலியர் அம்மாவுக்கும், காஸ் துணியை அடக்க விலைக்கே தருவதாகச் சொன்ன மருந்துக்கடை வைத்திருக்கும் பெற்றோருக்கும் நன்றி. உங்களில் பெரும்பாலோர் சொன்னவுடன் செய்தவர்கள்; மாத்திரை வைத்தவர்களும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் வைத்தீர்கள். அது எனக்குத் தெரியும்.

பள்ளி திறக்கும் அன்று முதல் பாடவேளையில் டப்பாவைத் திறந்து, எது எதற்கு என்று பிள்ளைகளே சொல்லவேண்டும். ஆகவே ஒருநாள் சாயங்காலம் அவர்களோடு உட்காருங்கள். நீங்கள் அடுக்கிக் கொடுக்காதீர்கள், அவர்கள் அடுக்கட்டும்.

அந்தப் பதினேழு கோலிக்குண்டும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர் சரியான டப்பாவோடு வந்து எண்ணி வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்